மூன்று கோடு போட்ட வரி

கோபாலபுரம்
9-6-2024

அன்புள்ள அண்ணனுக்கு யோகப்பிரியா எழுதுவது. நான், அவர், பிள்ளைகள் எல்லோரும் இங்கே சுகம். அங்கே நீங்களும் ஆன்மேரி அண்ணியும் சுகம்தானே? உங்கள் எஸ்டேட் மேல் டிவிசனில் போன் எடுக்காது என்று தெரிந்தும் நாலு நாள் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். எழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும், சிரிக்க வேண்டாம்.

ஒரு சமாசாரம். எங்கள் பஞ்சாயத்தில் பாலியேட்டிவ் பயிற்சியை முதல் முறையாகத் தமிழில் நடத்தப் போகிறார்கள். தீராத நோயில் படுத்திருப்பவர்களை வீட்டுக்கே போய்ப் பார்த்துக்கொள்ளும் வேலை. எல்லைக்கு இந்தப் பக்கம் கேரளா என்பதால் இதுவரை வகுப்பெல்லாம் மலையாளத்தில்தான். தமிழ் பேசும் கிழக்குப் பக்கத்துப் பெண்கள் மூன்று நாள் தலையாட்டிவிட்டு, சாப்பாடு நன்றாக இருந்தது என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவார்கள். நர்ஸ் வரும் வண்டியின் மேல் 'சாந்த்வனம்' என்று மலையாளத்தில் எழுதியிருக்கிறது. ஆறுதல் என்று அர்த்தம். நம் ஊரில் அதை 'சாந்தி வண்டி' ஆக்கிவிட்டார்கள். ஆத்மா சாந்திதான்! வண்டி ஒரு வீட்டு முன்னால் நின்றால், பந்தலுக்கு மூங்கில் யாரிடம் இருக்கிறது என்று பக்கத்து வீட்டில் பேச்சு எழும்பிவிடும். அதனால் நோயாளியை ஒளித்து வைக்கிறார்கள்.

இதையெல்லாம் மாற்ற வேண்டும் என்று நர்ஸ் ஜெஸ்னா என்னைப் பிடித்துக்கொண்டாள். இருபத்திரண்டு பேருக்கு நான்தான் தமிழில் சொல்லித்தர வேண்டுமாம், நோட்டும் எழுத வேண்டுமாம். ஏப்ரல் மாத மலையாள வகுப்பில் தூங்காமல் உட்கார்ந்திருந்தவள் நான் ஒருத்திதான், வேறென்ன தகுதி?

சித்தப்பா அப்படியேதான் இருக்கிறார். பக்கத்து வீட்டுக் குப்பண்ணன் இரண்டு வேளையும் கஞ்சி கொண்டு போய்க் கொடுக்கிறார்.

அண்ணிக்கு என் அன்பைச் சொல்லுங்கள். பதில் போடுங்கள்.

தங்கை,
யோகப்பிரியா


சாந்தன்பாறை
30-6-2024

யோகப்பிரியாவுக்கு அண்ணன் தங்கதுரையின் ஆசிகள். கடவுள் புண்ணியத்தில் நாங்கள் நலம். உன் வீட்டில் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். இங்கே மழை பிடித்துக்கொண்டது. ஏலத்தோட்டத்துக்குள் போய்விட்டு வந்தால் என்னையே பிழிந்து கொடியில் போடலாம்.

உன் கடிதத்தை ஆன்மேரி இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். எஸ்டேட் டிஸ்பென்சரி நர்ஸ் அல்லவா, அவளுக்குப் பொறி தட்டிவிட்டது. இங்கே தொழிலாளர் லயத்து வீடுகளிலும் படுத்துக் கிடப்பவர்கள் உண்டு. பார்க்க ஆள் கிடையாது. நோட்டு எழுதி முடித்ததும் ஒரு பிரதி அனுப்பு, லயத்துப் பெண்களைக் கூட்டி வாசித்துக் காட்டுகிறேன் என்கிறாள்.

அது இருக்கட்டும். அப்பா போன பிறகு நம் இரண்டு பேரையும் வளர்த்து ஆளாக்கிய மனுஷனைப் பற்றி ஒரே வரியா? கன்னத்தில் வந்த புற்று இப்போது எப்படி இருக்கிறது? வலிக்கு மருந்து சாப்பிடுகிறாரா? கொஞ்சமாவது பேச முடிகிறதா? தண்ணி முறைக்கு அவர் வாய்க்கால் கரையில் நின்று கூப்பிட்டால் செக்போஸ்ட் போலீஸ்காரரே திரும்பிப் பார்ப்பாரே. அந்தக் குரல் போய்விட்டது என்பதை என்னால் இன்னும் நம்ப முடியவில்லை. ஆடிப் பதினெட்டுக்குக் கட்டாயம் வருகிறேன் என்று அவரிடம் சொல்.

அண்ணன்,
தங்கதுரை


கோபாலபுரம்
20-7-2024

அன்புள்ள அண்ணனுக்கு, நாங்கள் சுகம். மழையில் நனைந்துவிட்டுத் தலையைத் துவட்டாமல் திரியும் பழக்கத்தை விட்டுவிட்டீர்களா?

நோட்டு இத்துடன் இருக்கிறது. பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. நின்றுகொண்டு பேசாமல் கட்டிலின் உயரத்துக்கு உட்கார்ந்து பேச வேண்டும். புண் நாறினாலும் மூக்கைப் பொத்தக் கூடாது. கட்டிலுக்கு அடியில் ஒரு தட்டில் காப்பித்தூள் வைக்கலாம், நர்ஸ் கொடுக்கும் மாத்திரைப் பொடியைப் புண்ணில் தூவலாம். விழுங்க முடியாதவரிடம் போய் 'சாப்பிட்டாச்சுங்களா' என்று கேட்கக் கூடாது. நம் ஆட்களுக்கு வேறு எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்றே தெரியாது. அதை மாற்றுவதற்குத்தான் ஒரு நாள் முழுக்கப் போயிற்று. வகுப்பு நன்றாக நடந்தது. பதினேழு பேர் வீடுகளுக்குப் போக ஆரம்பித்துவிட்டார்கள்.

சித்தப்பா இருக்கிறார். கஞ்சி குடிக்கிறார்.

தங்கை,
யோகப்பிரியா


சாந்தன்பாறை
18-8-2024

யோகப்பிரியாவுக்கு ஆசிகள். இங்கே சுகம். ஆடிக்கு வர முடியவில்லை, மழையில் ரோட்டில் மண் சரிந்து கிடந்தது. கோபப்படாதே.

போன ஞாயிறு ஆன்மேரி ஒன்பது பெண்களை டிஸ்பென்சரி வராந்தாவில் உட்கார வைத்து உன் நோட்டை வாசித்தாள். காப்பித்தூள் சமாசாரம் எல்லோருக்கும் பிடித்திருந்தது. ஒரு இடத்தில் மட்டும் சிரிப்பு அடங்கவில்லை. முதல் பக்கத்தில், மற்ற எல்லாவற்றுக்கும் மேலே, 'கிளம்பும்போது போய்விட்டு வருகிறேன் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும்' என்று எழுதி மூன்று கோடு போட்டிருக்கிறாயே, அந்த இடம்தான். "இதுக்கு எதுக்கு சிஸ்டர் நோட்டு? போயிட்டு வாரேன்னு சொல்லாம மனுசன் கிளம்புவானா?" என்று கேட்கிறார்கள். உன்னிடமே கேட்டு எழுதச் சொல்கிறாள் ஆன்மேரி. காகிதம் கிழிகிற அளவுக்கு அழுத்திக் கோடு போட்டிருக்கிறாய். என்ன சங்கதி?

சித்தப்பாவைப் பற்றி நான் கேட்டது ஒன்றுக்கும் நீ பதில் சொல்லவில்லை. ஓணத்துக்கு லீவு சொல்லிவிட்டேன். நிச்சயம் வருகிறேன்.

அண்ணன்,
தங்கதுரை


சாந்தன்பாறை
6-10-2024

யோகப்பிரியாவுக்கு, உன்னிடமிருந்து இரண்டு மாதத்துக்கு மேலாகக் கடிதம் இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? பிள்ளைகள் நலம்தானே? ஓணத்துக்கு வர முடியாமல் போயிற்று. காய் பறிப்பு நேரம், எஸ்டேட் துரை விடவில்லை. அதற்காகத்தான் கோபமா? இரண்டு வரி எழுது. தீபாவளிக்குப் பார்க்கிறேன்.

அண்ணன்,
தங்கதுரை


கோபாலபுரம்
27-10-2024

அன்புள்ள அண்ணனுக்கு, உடம்பில் ஒரு குறையும் இல்லை. அந்த மூன்று கோட்டுக்குப் பதில் எழுத உட்காரும்போதெல்லாம் மூடி வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். இன்று எழுதிவிடுகிறேன். படித்துவிட்டு என்ன வேண்டுமானாலும் திட்டுங்கள்.

மே மாதம் முதல் வாரம். மூன்று நாள் பயிற்சி முடிந்த கையோடு எங்கள் ஊர் நோயாளிகளில் முதல் பெயராகச் சித்தப்பா பெயரை நானே எழுதிக் கொடுத்தேன். நானும் ஜெஸ்னாவும் போனோம். புண்ணின் கட்டை அவிழ்த்தோம். கன்னத்தில் துளை விழுந்து அதன் வழியே பல் தெரிந்தது. புழு இருந்தது. ஜெஸ்னா எடுத்தாள். நான் பேசினைப் பிடித்தேன். கை நடுங்கவில்லை, மூக்கைப் பொத்தவில்லை, முகத்தைச் சுளிக்கவில்லை. உள்ளுக்குள் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. சித்தப்பா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வேலை முடிந்ததும் ஜெஸ்னா மலையாளத்தில், "போயிட்டு வராம் அச்சா" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் பின்னால் நான் எழுந்தேன். ஒன்றும் சொல்லவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை. நேரே வாசலுக்கு வந்து, அவர் வீட்டுக் குழாயிலேயே காலைக் கழுவித் தலையில் மூன்று சொட்டுத் தண்ணீர் தெளித்துக்கொண்டேன். அதன் பிறகு நிமிர்ந்தால் ஜன்னலில் சித்தப்பா.

எந்த வீட்டிலிருந்து நாம் சொல்லாமல் வருவோம், அண்ணா? எந்த வீட்டுக்குப் போய் வந்தால் காலைக் கழுவுவோம்? இனி அந்த வீட்டுக்கு அப்படி ஒரு காரியமாக வரும்படி ஆகிவிடக் கூடாது என்றுதானே சாவு வீட்டில் வருகிறேன் என்று சொல்லாமல் வருகிறோம்? அவர் உயிரோடு கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார், நான் எழவு விசாரித்துவிட்டு வருகிறவளாக வந்துவிட்டேன். வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் தெரியாமல் செய்தேன் என்றும் சொல்ல மாட்டேன். அந்தத் துளையைப் பார்த்த நிமிஷமே மனசுக்குள் அவரைச் சுடுகாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டேன். கால் அதை வெளியே காட்டிக்கொடுத்துவிட்டது.

மறுவாரம் போனபோது கதவு தாழ்ப்பாள் போட்டிருந்தது. காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கம் எழுதிக் கதவில் ஒட்டியிருந்தார்: 'எழவு விசாரிச்சாச்சு. இனி ஒருத்தரும் வர வேண்டாம்.'

அன்று முதல் குப்பண்ணனைத் தவிர யாரையும் உள்ளே விடவில்லை. புண்ணைக் கட்ட விடுவதில்லை. வலி மாத்திரையைக் குப்பண்ணன் கஞ்சியில் கரைத்துக் கொடுத்தால் கசப்பு தெரிந்து துப்பிவிடுகிறார். மத்தியானத்தில் அந்தச் சந்து வழியாகப் போனால் முனகல் தெருவில் கேட்கும். இதையெல்லாம் வைத்துக்கொண்டுதான் நான் வகுப்பெடுத்தேன். தமிழ் நோட்டு எழுதியதற்குப் பஞ்சாயத்தில் மேடையேற்றிப் பொன்னாடை போட்டார்கள், அண்ணா. எல்லோரும் கை தட்டினார்கள். நானும் சிரித்துக்கொண்டே வாங்கினேன். வீட்டுக்கு வந்து அதை அரிசி டிரம்முக்கு அடியில் போட்டேன்.

லயத்துப் பெண்கள் சிரிக்கட்டும். ஆனால் அந்த வரியை மட்டும் எடுக்கச் சொல்லாதீர்கள்.

யோகப்பிரியா


சாந்தன்பாறை
17-11-2024

யோகப்பிரியாவுக்கு, சுகம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. ஊருக்கெல்லாம் வகுப்பெடுக்கிற உனக்கு ஒரு வார்த்தை வாயில் வரவில்லையா? நம்மைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்தவர். அவரைப் பார்த்தா காலைக் கழுவினாய்? ஆறு மாதமாக வலியில் கிடக்கிறார், நீ எனக்குக் 'கஞ்சி குடிக்கிறார்' என்று எழுதுகிறாய். நீ எழுதியதை ஆன்மேரியிடம் வாசித்துக் காட்டக்கூட எனக்கு வெட்கமாக இருந்தது.

தீபாவளிக்குச் சளிக் காய்ச்சல், வர முடியவில்லை. பொங்கலுக்கு வருகிறேன். நான் போய்க் கூப்பிட்டால் கதவைத் திறப்பார். அதுவரை நீ எதையும் செய்து கெடுக்காமல் இரு.

தங்கதுரை


கோபாலபுரம்
15-12-2024

அன்புள்ள அண்ணனுக்கு, நாங்கள் சுகம். சளி இறங்கிவிட்டதா?

நீங்கள் எழுதியதில் ஒரு சொல்கூட அதிகம் இல்லை. ஆனால் சும்மா இருக்கச் சொன்னதை மட்டும் நான் கேட்கவில்லை. நவம்பர் கடைசி வாரத்திலிருந்து தினம் சாயங்காலம் ஐந்தரைக்கு அவர் வீட்டுக் கேட் முன்னால் போய் நிற்கிறேன். உள்ளே போவதில்லை, கதவைத் தட்டுவதும் இல்லை. "சித்தப்பா, போயிட்டு வர்றனுங்க" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு வந்துவிடுகிறேன். மறுநாளும் அதேதான். முதல் வாரம் எதிர்வீட்டில் டீவியை அணைத்துவிட்டு வேடிக்கை பார்க்க வந்தார்கள். குப்பண்ணன் கேட்டார், "ஏம்மிணி, வராமயே போயிட்டு வர்றங்கறயே, நல்லாத்தான் இருக்குதா?" நன்றாக இல்லைதான். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

ஒன்று மட்டும் சொல்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். நான் சொல்லாமல் வந்துவிட்டேன். அது பாவம்தான், கூசிக் கூசி அனுபவிக்கிறேன். ஆனால் நீங்கள் ஆடி, ஓணம், தீபாவளி, பொங்கல் என்று வருகிறேன் வருகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறீர்கள். சொல்லிவிட்டு வராமல் இருப்பதற்கு உங்கள் ஊரில் என்ன பேர், அண்ணா?

அண்ணிக்கு அன்பு.

யோகப்பிரியா


கோபாலபுரம்
19-1-2025

அன்புள்ள அண்ணனுக்கு, எல்லோரும் நலம்தானே? போன கடிதத்துக்குப் பதில் வரவில்லை, பொங்கலுக்கு நீங்களும் வரவில்லை. கடுப்பாக எழுதிவிட்டேன் என்றால் மன்னியுங்கள். நல்ல சமாசாரம் சொல்லத்தான் எழுதுகிறேன்.

மாட்டுப் பொங்கலன்று வழக்கம்போலக் கேட்டில் நின்று சொன்னேன். திரும்பும்போது குப்பண்ணன் ஓடி வந்து ஒரு காலண்டர் தாளை நீட்டினார். பின்பக்கம் சித்தப்பா கையெழுத்து: 'சொல்லீட்டுப் போறவ உள்ள வந்துட்டில்ல போகோணும் அம்மிணி?'

நடுத்தெரு என்றுகூடப் பார்க்காமல் உட்கார்ந்து அழுதேன். பிறகு உள்ளே போனேன். முகம் பாதியாகிவிட்டது. கட்டில் உயரத்துக்கு உட்கார்ந்தேன். அவர் காலைப் பிடித்துக்கொண்டு, தப்புப் பண்ணிவிட்டேன் என்றேன். அவர் ஜன்னலைக் காட்டி, குழாயைக் காட்டி, தண்ணீர் தெளித்துக்கொள்வது போல் நடித்துக் காட்டினார். என்னைக் கேலி செய்கிறார்! எனக்குச் சிரிப்பதா மண்ணுக்குள் போவதா என்று தெரியவில்லை.

மறுநாளே ஜெஸ்னா வந்து புண்ணைச் சுத்தம் செய்து கட்டினாள். மார்ஃபின் மாத்திரையைக் கரைத்து நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை கொடுக்கிறோம். மூன்றாம் நாள் மத்தியானம் நல்ல தூக்கம் தூங்கினார். எட்டு மாதத்தில் இது முதல் தூக்கம் என்று குப்பண்ணன் சொன்னார். அந்த எட்டு மாதமும் என் கணக்கில்தான். சாந்தி வண்டி அவர் வாசலிலேயே நிற்கிறது. அதைப் பார்த்துவிட்டுத் தெருவில் இன்னும் இரண்டு வீட்டில் கூப்பிட்டிருக்கிறார்கள்.

நேற்று உங்களைக் கேட்டு எழுதிக் காட்டினார்: 'தொர எப்ப?' பொங்கலுக்கு என்று சொல்லி வைத்திருந்தேன். பொங்கல் போய்விட்டது என்பது அவருக்கும் தெரியும். சீக்கிரம் வாருங்கள்.

யோகப்பிரியா


(தபால் கார்டு)
சாந்தன்பாறை, 2-2-2025

யோகப்பிரியாவுக்கு, நலம். கடிதம் கிடைத்தது. சந்தோஷம். அடுத்த வாரம் கண்டிப்பாக வருகிறேன் என்று சித்தப்பாவிடம் சொல்.

தங்கதுரை


கோபாலபுரம்
16-3-2025

அன்புள்ள அண்ணனுக்கு, நாங்கள் இருக்கிறோம். நீங்கள் ஊர் போய்ச் சேர்ந்தீர்களா என்றுகூடத் தெரியவில்லை.

மார்ச் முதல் தேதி சித்தப்பாவை எடுக்கும்போது நீங்கள் நின்றதைப் பார்த்தேன். சுடுகாட்டிலிருந்து திரும்பி வந்தவர்களில் நீங்கள் இல்லை. சாவு வீட்டில் சொல்லாமல் கிளம்புவதுதான் முறை, அதனால் ஒருவரும் உங்களைக் கேட்கவில்லை. நானும் அன்று சொல்லாமல்தான் வந்தேன். அதே வாசல், அதே குழாய். இந்தத் தடவை முறைப்படி செய்தேன் என்று எல்லோருக்கும் திருப்தி. எனக்குக் கால் நகரவில்லை.

கடைசி ஆறு வாரம் வலியில்லாமல் போனது. அது ஒன்றுதான் எனக்கு மிச்சம். கடைசி நாட்களில் பொள்ளாச்சி பஸ் ஹாரன் கேட்டால் வாசல் பக்கம் தலையைத் திருப்புவார். ஒரு நாளும் உங்களைக் குறை சொல்லி எழுதவில்லை. தலையணைக்கு அடியில் இருந்த காலண்டர் தாள்களைக் குப்பண்ணன் என்னிடம் கொடுத்தார். அதில் ஒன்று எனக்கு எழுதியது, ஆனால் உங்களைச் சேர்ந்தது. இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

'தொர வந்தா சோறு போட்டு அனுப்பு. வையாத.'

யோகப்பிரியா


சாந்தன்பாறை
8-4-2025

அன்புள்ள யோகப்பிரியாவுக்கு, ஆன்மேரி நலம். நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும்.

அந்தத் தாளை இருபது நாளாகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன். உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். நீ சொன்னபோது உன்னைக் காய்ச்சி எடுத்தேன். இப்போது உன் முறை.

ஓணத்துக்குத் துரை விடவில்லை என்று எழுதினேனே, அது பொய். மூணாறு, உடுமலை, பொள்ளாச்சி என்று மூன்று பஸ் மாறி கோபாலபுரத்தில் இறங்கினேன். செக்போஸ்ட் பக்கத்துக் கடையில் டீ குடித்தேன். உங்கள் வண்டி கடந்து போயிற்று. 'யாருக்கு?' என்று கேட்டேன். 'சாந்தி வண்டிங்க, எங்கியோ ஒருத்தருக்கு முடியப்போவுது' என்றார் கடைக்காரர். எனக்குச் சித்தப்பாவின் குரல் காதில் இருந்தது. அந்த முகத்தைப் பார்த்தால் அந்தக் குரல் போய்விடும் என்று பயம். இன்னொரு டீ குடித்தேன். எதிரே வந்த பொள்ளாச்சி பஸ்ஸில் ஏறித் திரும்பிவிட்டேன். அவர் வீட்டுக்கும் எனக்கும் நடுவில் அரை மைல்கூட இல்லை. இது ஆன்மேரிக்கும் தெரியாது. அதற்குப் பிறகு எழுதிய ஒவ்வொரு 'வருகிறேனும்' அந்த டீக்கடையை மறைக்கத்தான். எடுத்த அன்று நான் ஓடி வந்ததும் முறைக்காக அல்ல. நீ திட்டாமல் சோறு போடுவாய் என்று பயந்துதான்.

ஆன்மேரியின் ஆட்கள் இப்போது பதினான்கு பேர். ஞாயிற்றுக்கிழமை எஸ்டேட் ஜீப்பை நான்தான் ஓட்டிப்போவேன். அவர்கள் உள்ளே போக, நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வெளியே உட்கார்ந்திருப்பேன். இந்த ஞாயிறு இறங்கிப் போனேன். சின்னத்தாயி என்று ஒரு கிழவி, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை, முதுகெல்லாம் படுக்கைப்புண். நான் பேசினைப் பிடித்தேன். உன் கை மாதிரி இல்லை, பாதித் தண்ணீரை என் மடியிலேயே கொட்டிக்கொண்டேன்.

கிளம்பும்போது மூன்று கோட்டு வரி ஞாபகம் வந்தது. "போயிட்டு வர்றேன் ஆத்தா" என்றேன். அந்தம்மா என் கையை விடவில்லை. "எல்லாரும் இதத்தான் சொல்லிட்டுப் போறாக. நீங்க என்னைக்குய்யா வருவீக?" என்று கேட்டது. இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்விக்கு நான் ஒரு தடவைகூட நேராகப் பதில் சொன்னதில்லை. "செவ்வாய்க்கிழமை" என்றேன். அந்தம்மா விரலை மடக்கி, திங்கள், செவ்வாய் என்று எண்ணிப் பார்த்துக்கொண்டது.

உன் நோட்டில் அந்த வரிக்குக் கீழே இன்னொன்று சேர்த்துக்கொள். வருகிறேன் என்று மட்டும் சொல்லக் கூடாது, கிழமையைச் சொல்ல வேண்டும். வேண்டுமானால் அதற்கு நாலு கோடு போடு.

நீ போட வேண்டிய அந்தச் சோற்றைப் பற்றி நான் இப்போது ஒன்றும் எழுதவில்லை. கிழமை முடிவானதும் எழுதுகிறேன்.

இன்று செவ்வாய்க்கிழமை. ஜீப்பை எடுக்க வேண்டும்.

தங்கதுரை